கட்டுவிரியன் கடியைக் கண்டறியாமல் விட்ட தனியார் மருத்துவமனை: நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர இடமுண்டா?

வெள்ளாற்றங்கரை எழுதியது:

வணக்கம். பதினான்கு மாதங்களுக்கு முன் என் தங்கையின் கணவரைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்தோம். அவருக்கு வயது 34. நெல் அறுவடை இயந்திரம் ஓட்டி வந்தார். இரண்டு சிறு பிள்ளைகள். இதுவரை வழக்கு எதுவும் தொடரவில்லை. தொடர்வதற்கு இடமுண்டா, உண்டென்றால் எதை முன்வைத்துத் தொடர வேண்டும் என்பதை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

நடந்ததை நேரவாரியாக எழுதுகிறேன். அன்றிரவு வழக்கம்போல் கூடத்தில் தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்திருந்தார். ஒன்றரை மணியளவில் கடுமையான வயிற்றுவலியோடு எழுந்து இரண்டு முறை வாந்தி எடுத்தார். எதுவும் கடித்ததாக அவருக்கே தெரியாது. இரண்டேகால் மணிக்குப் பக்கத்து ஊரிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரவுப்பணி மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இரைப்பைக் கோளாறு என்று சொல்லி, ஓர் ஊசி போட்டு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டணம் 1,850 ரூபாய், ரசீது இருக்கிறது.

நாலரை மணிக்கு அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பேச்சு குழறியது, எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. ஐந்து மணிக்குச் சற்று முன்பாக அதே மருத்துவமனைக்கு மறுபடியும் கொண்டுபோனோம். அங்கே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் படுக்க வைத்திருந்தார்கள். அதற்குள் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், பக்கவாதமாக இருக்கலாம் என்றார்கள். பிறகு அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகுமாறு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யப்படவில்லை. நாங்களே ஓர் ஆம்னி வேன் பிடித்தோம். வழியில், என் மடியில் தலை வைத்திருந்தபோதே, மூச்சு நின்றது. மருத்துவக்கல்லூரியில் உயிர் போய்விட்டது என்றார்கள்.

அதே நேரத்தில் வீட்டில் ஜமுக்காளத்தை உதறியபோது அதன் மடிப்பிலிருந்து ஒரு கட்டுவிரியன் விழுந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் அடித்துப் போட்டதைப் பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் படமெடுத்தான்; காலை 6.40 என்று படத்தில் நேரம் பதிவாகியிருக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இடது மேற்கையில் ஊசி குத்தியது போன்ற இரண்டு நுண்ணிய துளைகள் இருந்ததாகவும், நரம்பைத் தாக்கும் பாம்பு நஞ்சினால் சுவாசம் செயலிழந்து மரணம் நேர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு மருத்துவமனை தந்த பதில் இது: பாம்பு கடித்ததாக எவரும் சொல்லவில்லை, கடிவாய் கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டாம் முறை வந்தபோது உரிய நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிட்டோம், எங்களிடம் வென்டிலேட்டர் வசதி இல்லை. இந்தப் பதிலைப் படித்த உறவினர் பலர், கடித்தவனுக்கே தெரியாத கடி மருத்துவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அவசரப்பிரிவு மருத்துவர் எழுதியது:

உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை வருத்தத்தோடு படித்தேன். நான் அரசு மருத்துவமனை அவசரப்பிரிவில் பணிபுரிகிறேன்; காவிரிப் படுகையில்தான் என் பணிக்காலம் பெரும்பகுதியும் கழிந்தது. சட்டம் எனக்குத் தெரியாது. மருத்துவத்தை மட்டும் சொல்கிறேன்.

நாகமும் கண்ணாடி விரியனும் கடித்தால் வலியும் வீக்கமும் இருக்கும். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. பல் மிகச் சிறியது. தூக்கத்தில் கடிபட்டவருக்கு எறும்பு கடித்ததுபோல் கூடத் தோன்றாமல் போகலாம். நள்ளிரவில் தொடங்கும் காரணமற்ற வயிற்றுவலியும் வாந்தியும்தான் பல நேரங்களில் முதல் அறிகுறி. ஆகவே, முதல் வருகையில் அந்த மருத்துவர் இரைப்பைக் கோளாறு என்று நினைத்ததை நான் உடனே குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் படுத்துறங்கும் ஊர்களில் பணிபுரியும் எவரும் இரவில் வயிற்றுவலியோடு வருபவரிடம் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி உண்டு: எங்கே படுத்திருந்தீர்கள்? என் மூத்த மருத்துவர் ஒருவர் எனக்கு முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்தது அது. தரையில் என்ற பதில் வந்தால் அவரை நான்கைந்து மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்.

இரண்டாம் வருகையைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இரண்டு இமைகளும் ஒருசேரத் தொங்குவது, பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகிய மூன்றும் திடீரென்று ஒரு 34 வயது மனிதரிடம் விடியற்காலையில் தோன்றினால், கடிவாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாம்புக்கடி அல்ல என்று உறுதியாகும்வரை அது பாம்புக்கடிதான். பக்கவாதம் பொதுவாக உடலின் ஒரு பக்கத்தைத் தாக்கும். ஒரே மூச்சில் எத்தனை எண்கள் எண்ண முடிகிறது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. பத்து வரை கூட எண்ண முடியாதவருக்கு மூச்சு எந்நேரமும் நின்றுபோகலாம்.

வென்டிலேட்டர் இல்லை என்பது சிறிய மருத்துவமனைக்குக் குற்றமாகாது. அது இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதும் இந்தியாவின் பாம்புக்கடிச் சிகிச்சை நெறிமுறையில் தெளிவாகவே இருக்கிறது. ஏ.எஸ்.வி. என்று நாங்கள் சொல்லும் விஷமுறிவு மருந்தின் முதல் தவணையை, வழக்கமாகப் பத்துக் குப்பிகளை, அங்கேயே தொடங்க வேண்டும். தசைத் தளர்ச்சி குறைகிறதா என்று அறிய நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் கொடுத்துப் பார்க்க வேண்டும். கையால் அழுத்தி மூச்சுக்காற்று செலுத்தும் ஆம்பு பையோடும் அதை அழுத்தத் தெரிந்த ஒருவரோடும் நோயாளியை அனுப்ப வேண்டும். ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் சிலர் மருந்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வாமை வரும்தான், குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கும் மருந்து அது. அதற்குத்தான் அட்ரினலினைப் பக்கத்திலேயே நிரப்பி வைத்துக்கொள்கிறோம்.

மருத்துவமனைத் தரப்பு நாளை ஒன்று சொல்லக்கூடும்: மருந்து கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று. அதில் பாதி உண்மை இருக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைக் கட்டுப்படுத்துமே தவிர, ஏற்கெனவே சிதைந்த முனையைச் சீராக்காது. அது தானாகவே பல நாட்களில் வளர்ந்து வர வேண்டும். ஆனால் அந்தப் பல நாட்களும் நுரையீரலுக்குக் காற்று போய்க்கொண்டிருந்தால் நோயாளி முழுமையாகப் பிழைத்து எழுந்து வருகிறார். எங்கள் பிரிவில் ஒரு பெண்மணி ஆறு நாட்கள் வென்டிலேட்டரில் இமை அசையாமல் கிடந்தார். கண்ணின் பாப்பா விரிந்து அசைவற்று இருந்ததைப் பார்த்து மூளை இறந்துவிட்டது என்று உறவினர் அழுதார்கள். பிழைத்த பிறகு, படுக்கைக்குப் பக்கத்தில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பதை அவர் வரிசையாகச் சொன்னார். உங்கள் மைத்துனர் நஞ்சினால் இறந்தார் என்பதைவிட, மூச்சுக்குத் துணையில்லாமல் அனுப்பப்பட்டதால் இறந்தார் என்பதே மருத்துவமாகச் சரியான கூற்று.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாம்புக்கடி மரணம் நேர்ந்தால் மருத்துவமனையைச் சூறையாடும் கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன். வழக்குகள் பெருகினால் இளம் மருத்துவர்கள் பாம்பு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே சீட்டெழுதி அனுப்பிவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு உண்டு.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. உங்கள் பதிலைப் படித்தபின் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது. நான்கு மணிக்கே அவர் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். ஊசியின் மயக்கமாக இருக்கும், தூங்கினால் சரியாகிவிடும் என்று என் தங்கைதான் அவரைப் படுக்கச் சொன்னாள். அந்த அரைமணி நேரத்தை நினைத்து அவள் இன்றுவரை தன்னையே நொந்துகொள்கிறாள். இதைச் சொன்னால் வழக்கு கெட்டுவிடும் என்று ஊரில் ஒருவர் சொன்னார்.

திருச்சி வழக்குரைஞர் எழுதியது:

கெடாது. மறைத்தால்தான் கெடும், குறுக்கு விசாரணையில் வெளிவரும்போது நீங்கள் சொன்ன மற்ற நேரங்களையும் ஆணையம் நம்பாமல் போகும். உங்கள் தங்கைக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வெளியே அனுப்பியபோது, இன்னின்ன அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வாருங்கள் என்று எவரும் எழுதியோ சொல்லியோ கொடுக்கவில்லை என்றால், அந்த அரைமணி நேரத்துக்கான பொறுப்பில் பெரும்பங்கு அனுப்பியவரையே சேரும். வெளியேற்றச் சீட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் காலக்கெடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் பத்து மாதங்கள் இருக்கின்றன. கட்டணம் செலுத்திப் பெற்ற மருத்துவச் சேவை இச்சட்டத்துக்கு உட்பட்டது என்பதை 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. எந்த ஆணையத்துக்குப் போவது என்பதை இப்போது நீங்கள் செலுத்திய கட்டணமே தீர்மானிக்கிறது, கேட்கும் இழப்பீடு அல்ல. ஆகவே இது மாவட்ட ஆணையத்துக்கே போகும். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் செலுத்தியவர்களுக்கு வழக்குக் கட்டணமே இல்லை. உங்கள் தங்கை பெண் என்பதால், வருமான வரம்பு பாராமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்குரைஞரைக் கேட்டுப் பெறலாம். இதே போன்ற மரணம் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் நேர்ந்திருந்தால் நுகர்வோர் ஆணையம் செல்லுபடியாகாது; உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ உரிமையியல் வழக்கோதான் வழி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இனி, எதை முன்வைப்பது என்பது. நோயைத் தவறாகக் கணித்த ஒவ்வொன்றும் கவனக்குறைவு ஆகாது. அதே துறையில் சராசரித் திறனுள்ள ஒருவர் அதே சூழலில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிசெய்தது. எனவே உங்கள் புகார் மனு முதல் வருகையின் மீது எழுந்து நின்றால் ஆட்டம் காணும். இரண்டாம் வருகையின் ஐம்பது நிமிடத்தின் மீதும், வெறுங்கையோடு அனுப்பியதன் மீதும் எழுந்து நின்றால் அசையாது. மருத்துவர் மேலே எழுதியதை மூன்று முறை படியுங்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதில் இருக்கிறது. முதல் வருகையை, படுத்த இடத்தைக் கேட்காததற்காகவும் கண்காணிப்பில் வைக்காததற்காகவும், இரண்டாம் நிலையில் சேர்த்தால் போதும்.

உங்களுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு 2010இல் வந்த வி. கிஷன் ராவ் வழக்கு. மலேரியாவால் பாதிக்கப்பட்ட பெண்மணிக்கு டைபாய்டுக்கான சிகிச்சை கொடுத்து அவர் இறந்துபோனார். மாவட்ட நுகர்வோர் மன்றம் கொடுத்த இரண்டு லட்ச ரூபாய் இழப்பீட்டை மேலே ரத்து செய்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று அத்தீர்ப்பு சொல்கிறது. இருந்தாலும் உங்கள் வழக்கில் ஒரு நிபுணர் கருத்தை வாங்கி வைப்பதே நல்லது. கட்டுவிரியன் நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்பது ஆணையத்துக்குத் தானாகத் தெரியாது.

உங்கள் உறவினர் கேட்ட கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. பாம்பு கடித்தது என்று யாராவது சொல்ல வேண்டும் என்ற கடமை மயங்கிக் கிடப்பவருக்கு இல்லை. அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடுவதற்குத்தான் மருத்துவரிடம் போகிறோம்.

மருத்துவமனையையே எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதுமானது. எந்த மருத்துவர் தவறினார் என்பதை நீங்கள் துல்லியமாகச் சுட்ட வேண்டியதில்லை, கவனத்தோடு நடந்துகொண்டோம் என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனைக்கு உண்டு என்று 2004இல் சவிதா கார்க் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. இரவுப்பணியில் இருந்தவரின் கல்வித்தகுதியையும் பதிவெண்ணையும் கட்டாயம் கேளுங்கள். ஹோமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், அதுவே கவனக்குறைவு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குற்றவியல் புகார் பற்றி ஊரில் பலர் தூண்டுவார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவின்படி பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டுகள்வரை சிறை உண்டு என்றாலும், அதற்கு மிகக் கடுமையான கவனக்குறைவு நிறுவப்பட வேண்டும், சார்பற்ற மருத்துவக் கருத்தும் வேண்டும். அந்த வழியில் ஆண்டுகள் போகும். பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு ரூபாயும் வராது. தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கு ஒரு புகார் அனுப்புவது வேறு, அதைச் செய்யலாம்.

மருத்துவரின் கவலைக்கும் ஒரு சொல். சீட்டெழுதி அனுப்புவது பாதுகாப்பு என்ற எண்ணமே தவறானது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலிருந்து உயிர்காக்கும் முதற்சிகிச்சை ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. பத்துக் குப்பி மருந்தைத் தொடங்கி, ஆம்பு பையோடு அனுப்பியவர் மீது, நோயாளி வழியில் இறந்தாலும், வழக்கு எளிதில் நிற்காது. எதுவும் செய்யாமல் அனுப்பியவர்தான் சட்டத்தின் முன் நிராயுதபாணியாக நிற்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

இருபத்தெட்டு ஆண்டுகள் வார்டுகளில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கேஸ் ஷீட் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மருத்துவர் எழுதிய இரண்டு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். செவிலியர் குறிப்பு, மருந்து அட்டவணை, அவசரப்பிரிவு வருகைப் பதிவேடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் பதிவேடு, விஷமுறிவு மருந்தின் இருப்புப் பதிவேடு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ மன்ற விதி. மூன்று ஆண்டுகள்வரை அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கவும் வேண்டும்.

மருத்துவர் தன் பக்கத்தைப் பிறகு திருத்தி எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். செவிலியர் குறிப்பைத் திருத்துவது கடினம். ஒரே பக்கத்தில் மற்ற நோயாளிகளின் பதிவுகளும் பணிமாற்ற நேரமும் வரிசையாக இருக்கும். கிடைத்ததும் மருத்துவரின் நேரத்தையும் செவிலியரின் நேரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இன்னொன்று: பணத்தை ரொக்கமாகக் கொடுத்தீர்களா, கைப்பேசியில் அனுப்பினீர்களா? கைப்பேசி என்றால் அந்த நேரத்தை எவராலும் மாற்ற முடியாது.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். செவிலியர் அம்மா சொன்னபடியே பெயர் சொல்லிக் கேட்டோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் மருத்துவ மன்ற விதியைக் குறிப்பிட்டபின் நகல்கள் வந்தன. இருப்புப் பதிவேட்டை மட்டும் தரவில்லை.

இரண்டாம் வருகையின் நேரத்தை மருத்துவர் 5.30 என்று எழுதியிருக்கிறார், 5.40க்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பியதாகவும் இருக்கிறது. அதாவது பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்களாம். செவிலியர் குறிப்பில் 4.55 என்ற நேரத்துக்கு எதிரே நீல மையில் இப்படி இருக்கிறது: இரு கண் இமைகளும் தொங்குகின்றன, எச்சில் வழிகிறது, பேச்சு தெளிவில்லை, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதற்கடுத்த வரி 5.20க்கு: மூச்சு மேலோட்டமாக உள்ளது, டாக்டருக்கு மறுபடியும் தெரிவிக்கப்பட்டது. மருந்து அட்டவணையில் இரண்டாம் வருகைக்கு எதிரே எதுவுமே இல்லை.

இரண்டாம் முறை கட்டிய 600 ரூபாயை நான்தான் கைப்பேசியில் அனுப்பினேன். நேரம் 5.41. பணம் கட்டிய பிறகுதான் சீட்டைக் கையில் கொடுத்தார்கள் என்பது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்தச் செவிலியர் யாரென்று தெரியவில்லை. கையெழுத்து மட்டும் இருக்கிறது. என் தங்கை அந்த இரண்டு வரிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை இருவரும் இவற்றை எடுத்துக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்கிறோம். இருப்புப் பதிவேட்டை ஆணையத்தின் வழியாக வரவழைக்க மனுவிலேயே கேட்கலாமா என்பதை மட்டும் வழக்குரைஞர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.